சம்பந்தி கடலில் நின்ற படம்

கேமரா வைத்திருப்பவர்கள் பாவமில்லை. அவர்களுக்குச் சொந்தக்காரர்களாகப் பிறந்தவர்கள்தான் பாவம். சந்தேகமிருந்தால் எங்கள் செல்வி அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்த நான், பழைய கேமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது. (வாயும் நீண்டுவிட்டது என்பது அம்மாவின் கட்சி.) அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ஆலுவாவிலிருந்து சம்பந்தம் வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு ஸ்டூடியோ ஆளைக் கூப்பிடக் கிளம்பிய அப்பாவை வாசலிலேயே மறித்தேன்.

"நான் இருக்கறப்ப வெளியாளு எதுக்குப்பா?"

அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. "ஒழுங்கா எடுப்பியாடி? ஒருதடவைதான் நடக்கும் இது."

"உன் கண்ணுல இருக்கற மை கூடத் தெரியும், பாரேன்!"

மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகம் மாமாவுக்கு ஆலுவாவில் இரும்புக்கடை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சாயா ஆறிப்போய் வந்தது என்று முன்பு ஒரு சம்பந்தத்தையே முறித்துக்கொண்டு எழுந்து வந்தவர் என்று பேச்சு. அதனால் நிச்சயதார்த்தம் முழுக்க அப்பா ஒவ்வொரு சாயா கிளாசையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தார். நான் ரோல் தீரும்வரை எடுத்துத் தள்ளினேன்.

ரோல் தீர்ந்ததும் ஃபிலிமைக் கையால் சுற்றி டப்பாவுக்குள் இழுக்க வேண்டும். முழுக்கச் சுற்றினால் ஃபிலிமின் நுனி உள்ளே போய்விடும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது புது ரோல். நான் சுற்றிக்கொண்டிருந்தபோது, "பாயசம் தீரப்போகுதுடி!" என்று அம்மா குரல் கொடுத்தாள். சுற்றியது போதும் என்று அப்படியே எடுத்துப் பையில் போட்டுவிட்டு இலைக்கு ஓடினேன். பையில் ஏற்கெனவே ஒரு புது ரோல் கிடந்தது. இப்போது இரண்டுக்கும் நுனி வெளியே இருந்தது.

அடுத்த ஞாயிறு ஃபோர்ட் கொச்சியில் வர்கீஸ் சாரின் புகைப்படப் பயிற்சி முகாம். பொழுது விடியும்போதே கடலோரம் நிற்கும் சீன மீன்வலைகளுக்கு முன்னால் வரிசையாக நின்று, எல்லோரும் ஒரே கடலை எடுத்தோம். சாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாரும் தன் படத்தை முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. ஸ்டூடியோவிலிருந்து உறைகள் நேரே அவரிடம் போய்விடும். மறுவாரம் கூடி, எல்லோர் முன்னாலும் பிரித்து, ஒவ்வொன்றாகப் பேச வேண்டும்.

மறுவாரம் அந்தக் கூட்டத்துக்குப் போகிற வழியில், கழுவக் கொடுத்திருந்த நிச்சயதார்த்தப் படங்களை வாங்க ஸ்டூடியோவில் நுழைந்தேன். ஸ்டூடியோ சேட்டன் ஒரு வெற்று ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மோளே, இதுல ஒண்ணுமே இல்லல்லோ. வெறும் ரோலு."

கழுவக் கொடுத்தது புது ரோல் என்றால், முகாமில் கேமராவில் போட்டது எது? ஐயோ! அக்காவின் நிச்சயதார்த்தத்தின் மேலேயே கடலை எடுத்திருக்கிறேன்.

உறையைப் பிரிப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஓடினேன். பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் கூட்டம். உறைகளெல்லாம் வர்கீஸ் சாரின் முழங்கைக்குக் கீழே அடுக்கியிருந்தன.

"சார், எனக்கு வயித்துவலி. என் கவரை மட்டும் குடுத்தா போயிடறேன்."

"வயிறு அவிடெ இருக்கட்டும். நீ இவிடெ இரி."

உட்கார்ந்தேன். அப்போது மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா! பின்னாலேயே ஆறுமுகம் மாமா!

"சம்பந்தி சாமான் எடுக்க மட்டாஞ்சேரிக்கு வந்தாரு," என்று அப்பா பல்லெல்லாம் தெரியச் சொன்னார். "போட்டோ வாங்கிட்டு நீ இங்க வந்திருப்பேன்னு அம்மா சொன்னா. எங்க, காட்டு!"

"கூட்டம் முடியட்டும்பா," என்றேன். மாமா முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

வர்கீஸ் சார் ஒவ்வொரு உறையாகப் பிரித்துப் பலகையில் குத்தினார். எல்லாவற்றுக்கும் ஒரே குறைதான் சொன்னார். "கடலுண்டு, ஆகாசமுண்டு. மனுஷன் எங்கே? மனுஷனில்லாத படத்துக்கு உயிரில்லா." (சார், கொஞ்சம் பொறுங்கள், என் உறையில் ஊரே இருக்கிறது.) உறைகள் குறைந்துகொண்டே வந்தன. எல்லாச் சாமியையும் கூப்பிட்டுப் பார்த்தேன். மின்சாரம்கூடப் போகவில்லை.

என் படத்தைக் குத்தினார்.

கடலுக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீரில், தாம்பூலத் தட்டோடு ஆறுமுகம் மாமா நின்றிருந்தார். அவர் தலைக்கு மேல் சீன வலை இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படகுக்குள் அப்பா சாயா கிளாசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வர்கீஸ் சார்தான் முதலில் வாய் திறந்தார். "கண்டோ! மனுஷனும் கடலும்! அந்த முகத்துல எத்தனை துக்கம் பாருங்க!"

"அது நாந்தான்," என்றார் மாமா.

எல்லாத் தலைகளும் திரும்பின. மாமா எழுந்து பலகையருகே போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா கைகூப்பியபடி எழுந்துவிட்டார். அக்காவின் கல்யாணம் அந்த வலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு நீந்தத் தெரியாது, கேட்டியா?" என்றார் மாமா என்னைப் பார்த்து. "மத்த படமெல்லாம்?"

"எல்லாமே... இப்படித்தான் மாமா."

அவர் அப்பாவிடம் திரும்பினார். "சம்பந்தி, இதுவரைக்கும் உங்ககிட்ட நாங்க ஒண்ணும் கேக்கல. இப்ப ஒரு கண்டிஷன் இருக்கு."

அப்பா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்க சம்பந்தி. எப்படியாச்சும் செஞ்சிடறேன்."

"கல்யாணத்தன்னிக்கு இந்தக் குட்டி கேமராவைத் தொடக்கூடாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தமில்லை, மீசை மட்டும் ஆடியது. பிறகு தானே ஊசியைப் பிடுங்கிப் படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பா நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வீட்டில் அக்கா எல்லாப் படத்தையும் புரட்டிப் பார்த்தாள். "நான் எங்கடி?" வெளிச்சமான வானம் விழுந்த இடத்திலெல்லாம் பழைய படம் அழிந்துவிட்டது. இருட்டான படகு, தண்ணீர் விழுந்த இடத்தில் நின்றவர்கள்தான் பிழைத்தார்கள். அக்காவை நான் ஒவ்வொரு படத்திலும் அக்கறையாக நடுவில் நிறுத்தியிருந்தேன். வானமும் அங்கேயேதான் விழுந்திருந்தது. கல்யாணம் வரை அவள் என்னோடு பேசவில்லை. கல்யாணத்தன்று என்னைப் பாயச அண்டாவுக்குக் காவல் வைத்தார்கள்.

அந்தப் படம் சட்டம் போட்டு ஆலுவா வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம், "வலையில சிக்காம தப்பிச்சவன் நான்," என்று மாமா கதை சொல்வார். போனமுறை போயிருந்தபோது அக்காவின் சின்னப் பெண் படத்தை அண்ணாந்து பார்த்து, "இதுல அம்மா எங்கே?" என்று கேட்டாள்.

அக்கா வெள்ளை வானத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதோ நிக்கறேனே. நல்லாப் பாரு, கண்ணுல இருக்கற மை கூடத் தெரியும்னு உங்க சித்தி சொல்லியிருக்கா."