உப்புத் தண்ணீர்ப் பெருமைக்காரர்

காரைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்களையும் கனடாவில் இருக்கும் பிள்ளையைச் சொல்லிப் பெருமை பேசுகிறவர்களையும் நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அவர்களை விடுங்கள். குழாயைத் திறந்தால் கொட்டுகிற உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டே தலை நிமிர்ந்து நடக்கிற ஓர் இனம் இருக்கிறது. உப்புத் தண்ணீர்ப் பெருமைக்காரர் என்று அதற்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். தர்மபுரி மாவட்டத்தில் இந்த இனம் செழிப்பாக இருக்கிறது. தண்ணீர் அப்படி.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "எங்க ஊர்த் தண்ணி கொஞ்சம் உப்புங்க" என்று அவர் எதிரில் வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் மொரப்பூராக இருந்தாலும் சரி, மாரண்டஹள்ளியாக இருந்தாலும் சரி, அவர் முகத்தில் ஒரு புன்னகை வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தன் படிப்புச் சுமையைப் பற்றிச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தப் புன்னகை. "அதெல்லாம் ஒரு உப்பாங்க?" என்பார். பிறகு உங்கள் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போவார்.

அங்கே உங்களுக்குத் தரிசனம் ஆரம்பமாகும். அடியில் வெள்ளை படிந்து நிறமே மாறிப்போன வாளி, துளையெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கம்பியாகக் காது ஓரம் மட்டும் பீய்ச்சுகிற ஷவர், காய்ந்த பிறகு தானாக எழுந்து நிற்கிற துண்டு, குக்கரில் விசில் மேல் விசில் வைத்தும் கரையாமல் முறைத்துக்கொண்டிருக்கிற துவரம்பருப்பு, போன தீபாவளிக்கு வெள்ளையாக இருந்து இந்தத் தீபாவளிக்குச் சந்தன நிறத்துக்கு வந்துவிட்ட சட்டை, கடைசியாகக் குனிந்து காட்டுகிற அவருடைய உச்சந்தலை. எல்லாம் தண்ணீரின் வேலை. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே இடத்தில் அதே வழுக்கை இருந்ததே என்று கேட்டுவிடாதீர்கள். அவர்களும் இதே தண்ணீரில்தான் குளித்தார்கள் என்பார்.

எனக்குத் தெரிந்தவர்களில் இந்த இனத்தின் சிகரம் சென்றாயன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வேலையில் இருந்த காலமெல்லாம் மாவட்டத்தின் எல்லா ஊர்த் தண்ணீரையும் குடித்துப் பார்த்து, ஒன்றிலும் சரியான உப்பு இல்லை என்ற முடிவுக்கு வந்தவர். தர்மபுரியில் புறநகர்ப் பக்கம் வீடு கட்டி போர் போட்டார். முதல் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தபோதுதான் அவருக்குத் தேடியது கிடைத்தது.

அவர் வீட்டுப் பரணில் ஒரு கெய்சர் காயில் இருக்கிறது, தண்ணீரைச் சூடாக்குகிற அந்தக் கம்பிச்சுருள். எரிந்துபோன காயில்தான். சுண்ணாம்பு ஏறி ஏறி, மரவள்ளிக்கிழங்கு பருமனுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு பொட்டு உண்டு.

ஒகேனக்கல் தண்ணீர் தெருவுக்கு வந்த நாளில் ஊரே குடத்தோடு ஓடியது. சென்றாயன் மட்டும் ஒரு வாளி பிடித்துக் குளித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். சோப்பு நுரைத்ததாம், உடம்பு மிருதுவாக இருந்ததாம். "எவ்வளவு ஊத்தினாலும் வழுவழுங்குது, சோப்பு போவவே மாட்டேங்குது. இதெல்லாம் ஒரு தண்ணியா?" என்று கேட்டுவிட்டு, போர் தண்ணீரில் மறுபடி ஒருமுறை குளித்து, தோல் வறவறவென்று ஆன பிறகுதான் சட்டை போட்டார்.

இத்தோடு போயிருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருக்கிறான், பூபதி. ஓசூரில் நல்ல கம்பெனியில் வேலை. நம் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை முகத்தை ஜாதகத்தோடு வரும் போட்டோவில் பார்த்துக்கொள்வார்கள். நேரில் வந்து பார்ப்பது குழாயைத்தான். பெண் அந்த வீட்டில் அல்லவா தலை குளிக்க வேண்டும்? பூபதிக்கு வந்த சம்பந்தக்காரர்கள் எல்லோரும் சோபாவில் உட்கார்ந்தார்கள், காயிலைத் தரிசித்தார்கள், ஊருக்குப் போய்ப் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். போன் வந்ததே இல்லை.

இந்தத் தடவை விஷயம் வேறு. பொம்மிடிப் பெண் பிரியதர்ஷினியை பூபதி பார்த்துப் பேசியிருந்தான். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. இதுவும் தண்ணீரில் போனால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அம்மா கண்ணம்மாளிடம் சொல்லிவிட்டான். கண்ணம்மாள் பயந்துபோனார்.

பெண் வீட்டார் வருவதற்கு முதல் நாள் அவர் எலுமிச்சைத் தோலும் வினிகருமாக உட்கார்ந்து, வீட்டில் உள்ள குழாய்களை எல்லாம் கடையில் வாங்கியபோது இருந்ததைவிடப் பளபளப்பாக்கினார். காயிலைக் கோணிப்பையில் கட்டி மோட்டார் ரூமுக்குள் தள்ளினார். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் கை கழுவ வாளி நிறையக் கேன் தண்ணீர் வைத்து, குழாய் ரிப்பேர் என்று சொல்வதாக ஏற்பாடு. பிறகு கணவரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"ஏங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடறன். நாளைக்கு ஒரு நாளு தண்ணியப் பத்தி வாயத் தொறக்காதீங்க. நம்ம பையன் வாழ்க்கைங்க."

சென்றாயன் சம்மதித்தார். மகன் மேல் அவருக்கு உயிர்.

பெண்ணின் அப்பா மாதவராஜும் அம்மா சசிகலாவும் வந்தார்கள். காபி, மிக்சர், ஜாதகம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. உள்ளே வடை பாயசத்தோடு சமையல் தயாராக இருந்தது. ஆனால் சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கண்ணம்மாள் வாழையிலையைக் கழுவி வைத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றார்.

மாதவராஜ் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். நல்ல தண்ணீர் என்று பாராட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொம்மிடியில் அவர்கள் தெருத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்றார். சென்றாயன் தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் வீட்டில் கெய்சர் காயில் ஆறு மாதம் தாங்காது என்றார். சென்றாயன் சோபாவின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணம்மாள் சமையலறை வாசலில் இருந்து அவரையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்தப் புருஷனும் பணிந்துவிடுவான். அவரும் பணிந்துதான் இருந்தார், மாதவராஜ் அடுத்த வாக்கியத்தைச் சொல்கிற வரைக்கும்.

"எங்க வூட்டுத் தண்ணி மாதிரி உப்பு, இந்த மாவட்டத்துலயே கெடையாதுங்க."

நம் ஹாலில், நம் சோபாவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படிச் சொன்னால் எப்படிப் பொறுப்பது, நீங்களே சொல்லுங்கள். சென்றாயன் எழுந்தார். ஒரு நிமிஷம் என்று கொல்லைப்பக்கம் போனார். மோட்டார் ரூம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பூபதி கண்ணை மூடிக்கொண்டான்.

மிக்சர் தட்டை ஒதுக்கிவிட்டு டீப்பாயின் நடுவில் காயிலை வைத்தார்.

"இது ரெண்டு மாசங்க."

மாதவராஜ் அதைக் கையில் எடுத்தார். சந்தையில் வெண்டைக்காய் வாங்குகிறவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். கனமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தங்கள் வீட்டு வாளியைச் சென்றாயன் வந்து பார்க்க வேண்டும் என்றார். சென்றாயன் அவரை ஷவருக்கு அழைத்துப் போனார். இரண்டு பேரின் குரலும் பாத்ரூமுக்குள் ஓங்கியது.

கண்ணம்மாளுக்கு அழுகை முட்டியது. இதற்கா விடிய விடியக் குழாயைத் தேய்த்தோம் என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து சசிகலா எழுந்து நேராக வாஷ்பேசினுக்குப் போனார். வாளியை ஏறிட்டும் பார்க்கவில்லை. ரிப்பேர் என்று சொல்லி வைத்திருந்த குழாயைத் திருகினார். தண்ணீர் தாராளமாக வந்தது. சோப்பைக் குழைத்தார். நுரை வரவில்லை, திரிந்த பால் மாதிரி கையில் திட்டுத் திட்டாக ஒட்டியது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தும் பார்த்தார். முடிந்தது கதை என்று கண்ணம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார்.

சசிகலா கையைத் துடைத்தபடி அவர் பக்கத்தில் வந்தார்.

"வந்ததுலருந்து எனக்கு பயமாத்தாங்க இருந்துது. குழாயில ஒரு திட்டு இல்ல, டம்ளர்ல ஒரு கறை இல்ல. இந்த ஊருல இப்பிடி ஒரு வூடா, தண்ணியவே மறைக்கறவங்க இன்னும் என்னென்ன மறைக்கறாங்களோன்னு. உங்க வூட்டுக்காரரு எடுத்துட்டு வந்து வெச்சாரு பாருங்க, அப்பத்தாங்க மனசு நெறஞ்சுது. எம் பொண்ணு இதே தண்ணில வளந்தவதான். எலையப் போடுங்க."

கண்ணம்மாள் அழுதேவிட்டார். வேறு அழுகை.

பந்தியிலும் அப்பாக்கள் இருவரும் விடவில்லை. பாயசத்துக்கு நடுவில்கூட எந்த ஊரில் பருப்பு வேக அதிக நேரம் ஆகும் என்பதுதான் பேச்சு. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெண் வீட்டுச் சீரில் ஒரு புதுக் கெய்சரும் வந்தது. அதன் காயில் போன அன்றைக்கே சென்றாயன் சம்பந்திக்குப் போன் பண்ணினார். பேத்தி பிறந்த சேதி சொன்னபோதுகூட அவர் குரலில் அத்தனை சந்தோஷம் இல்லை என்று பூபதி சொல்கிறான். இப்போது பரணில் இரண்டு காயில்.

என்ன மனிதர் என்று சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் சென்றாயன் காயிலை வைத்து "ரெண்டு மாசங்க" என்று சொன்ன இடத்தில், உங்கள் உதடு லேசாகப் பிதுங்கியது. "இதென்ன பெரிசு, எங்க வூட்டுல..." என்று மனசுக்குள் ஆரம்பித்தீர்கள். அந்த வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள். முதலில் பரணில் ஏறிப் பாருங்கள். தூக்கிப் போட மனசு வராமல் எதையோ அங்கே வைத்திருக்கிறீர்கள்.