பத்து நிமிடக் கல்யாணமும் சிதம்பரத்து மச்சானும்

அன்பு என்றால் எல்லோருக்கும் மனம் இளகும். எனக்கு வயிறு எரியும். என் மனைவி செல்வியின் தம்பி பெயர் அன்பு.

நான் கடலூர் திருப்பாப்புலியூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். நான் தொடங்கி நான்கு வருடம் கழித்து அவன் சிதம்பரத்தில் அதே தொழிலைத் தொடங்கினான். தொடங்கியவன் சும்மா இருந்திருக்கலாம். 2009 வாக்கில், கல்யாண வீடியோவைச் சுருக்கி இணையத்தில் ஏற்றி, துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு லிங்க் அனுப்ப ஆரம்பித்துவிட்டான். நானோ டி.வி.டி. உறையில் மணமக்கள் படத்தை ஒட்டுவதையே விஞ்ஞானத்தின் உச்சம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாமியார் வீட்டுக்கு எப்போது போனாலும், அன்புவின் வீடியோ கம்ப்யூட்டரில் வருகிற கதைதான். (மாமியாருக்குக் கம்ப்யூட்டருக்கும் டி.வி.க்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கும் அன்புக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்.)

அந்த நேரத்தில்தான் புவனகிரியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். மகளுக்குக் கல்யாணம், சிதம்பரத்தில் மண்டபம். மகன் சிங்கப்பூரில் புது வேலையில் சேர்ந்திருந்ததால் லீவு கிடைக்கவில்லை. ஒரே தங்கச்சி கல்யாணத்தை அவன் எப்படியாவது பார்க்க வேண்டும். சிதம்பரத்தில் யாரோ ஒருவர் இணையத்தில் ஏற்றித் தருகிறாராமே, அதை மட்டும் அவரிடம் கொடுத்துவிடலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"அதெல்லாம் நாங்க ரொம்ப நாளா பண்றோம் சார்" என்றேன். (அன்றைக்கு எனக்கு ஒரு மெயில் ஐடிகூடக் கிடையாது.)

கல்யாணத்தன்று மேடையருகே கேமராவோடு நிற்கிறேன், மண்டபத்துக்குள் அன்பு நுழைகிறான். மாப்பிள்ளைக்கு நண்பனாம். கையில் கேமரா இல்லை, சும்மாதான் நின்றான். அதுவே எனக்கு, பரீட்சை எழுதும்போது பின்னால் வாத்தியார் நிற்பது போல் இருந்தது.

எப்படியோ எடுத்து முடித்தேன். முக்கியமான காட்சிகளைப் பத்து நிமிடமாக வெட்டி, மேலே ஒரு பாட்டும் போட்டேன். இணையதளம் நூறு எம்.பி.க்கு மேல் வாங்காது. என் பத்து நிமிடம் இரண்டு ஜி.பி. இருந்தது. சுருக்கினேன். மணப்பெண்ணின் முகம் மொசைக் தரை மாதிரி கட்டம் கட்டமாக வந்தது. இன்னும் கொஞ்சம் மாற்றிச் சுருக்கினேன். முகம் தெளிந்தது, தாலி காணாமல் போய்விட்டது. இரண்டு நாள் இப்படியே போக, செல்வி சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அன்புக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மூளை வேலை செய்தது. கம்ப்யூட்டர் திரையில் வீடியோவுக்கு அடியில் ஒலி இரண்டு வரிசையாக இருந்தது. ஒன்று பாட்டு. இன்னொன்று மண்டபத்தில் கேமரா பிடித்த சத்தம், அதை அமுக்கி வைத்திருந்தேன். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு ஒலி எதற்கு? ஒன்றை நீக்கினால் எடை குறையும், அதைப் படத்துக்குக் கொடுக்கலாம். (நீக்கினாலும் ஒரு குண்டுமணி குறையாது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.) நீக்கினேன். ஒலி குறைவாக இருக்கிறது, கூட்டவா என்று சாஃப்ட்வேர் கேட்டது. தாராளமாக என்று டிக் செய்தேன். ஸ்பீக்கர் ஓடினால் கம்ப்யூட்டர் திணறும் என்று அதன் வயரை முன்பே பிடுங்கி வைத்திருந்ததால், முடிந்ததைக் கண்ணால் மட்டும் பார்த்தேன். முகமும் இருந்தது, தாலியும் இருந்தது.

பிரவுசிங் சென்டரில் காலை பத்து மணிக்கு ஏற்ற ஆரம்பித்தேன். பாதியில் கரண்டு போய், முதலிலிருந்து ஏற்றி, முடியும்போது மதியம் மூன்று. சென்டர்க்காரரிடம் சொல்லி ஒரு மெயில் ஐடி உண்டாக்கி, சிங்கப்பூர் மகனுக்கும் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்திருந்த சொந்தக்காரர்களுக்கும் லிங்கை அனுப்பினேன். மனசு கேட்கவில்லை. அன்புக்கும் அனுப்பினேன், "நேரம் கிடைத்தால் பார்க்கவும்" என்று ஒரு வரியோடு.

மறுநாள் காலை தலைமையாசிரியர் போன் செய்தார்.

"தம்பி, பையன் பாத்துட்டானாம். ரூம்ல இருக்குற பசங்க எல்லாம் சேந்து ரெண்டு வாட்டி பாத்தாங்களாம்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"படம் சுத்தமா இருக்குதாம்." கொஞ்சம் தொண்டையைச் செருமினார். "அன்புன்றது யாருன்னு கேக்குறான்."

போனை வைத்துவிட்டு ஸ்பீக்கர் வயரைச் செருகினேன். கேமரா தோளில் ஏறினால் எனக்குத் தானாகப் பேசுகிற பழக்கம் உண்டு. எல்லாக் கல்யாணத்திலும் அதைப் பாட்டு மூடிவிடும். நான் நீக்கியது பாட்டை. மிச்சம் இருந்தது நான். மேளச் சத்தத்துக்கு மேலே, சாஃப்ட்வேர் கூட்டிக் கொடுத்த குரலில் நான்: "வந்துட்டாரு அன்பு, சிதம்பரத்து துரை." மாப்பிள்ளை மாலை மாற்றுகிறார். "நிக்கிறதப் பாரு, டைரக்டரு மாதிரி." ஐயர் மந்திரம் சொல்கிறார். "அந்தச் சட்டை நாங்க எடுத்துக் குடுத்தது. அதுவும் இவனுக்குத்தான் நல்லாக்குது."

பின்னால் நின்று கேட்ட செல்வி சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள்தான் பேசின.

தாலி கட்டி முடிந்த இடத்தில் கேமரா சட்டென்று திரும்பியது. எனக்கு நினைவு வந்தது. அந்த நேரத்தில் அன்பு கண்ணாலேயே எனக்கு ஓர் ஓரத்தைக் காட்டினான். திரும்பினால், சிங்கப்பூரில் இருக்கும் மகன் மேளச் சத்தம் கேட்கட்டும் என்று பெண்ணின் அம்மா செல்போனை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தார். "கேக்குதாப்பா?" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் உருப்படியான காட்சி அது ஒன்றுதான். அதன்மேல் என் குரல், மெதுவாக: "இந்தக் கண்ணு எனக்கு இல்லியேடா."

அன்று மாலையே அன்பு பஸ் பிடித்து வந்துவிட்டான். நான் குளியலறையில் இருந்தேன். (குளிக்கவில்லை.) செல்வி கதவைத் தட்டித்தான் வெளியே வந்தேன். திட்டுவான் என்று நின்றேன். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "அந்தப் பாட்ட மட்டும் எடுத்துக் குடுங்க மாமா" என்றான். அரை மணி நேரத்தில் நூறு எம்.பி.க்குள் அடக்கிவிட்டான். பட்டுச் சேலையின் சரிகை இழைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவன், அதைப் பார்த்ததும் இழைகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

புது லிங்கை எல்லோருக்கும் அனுப்பினோம். சிங்கப்பூரிலிருந்து மட்டும் பதில் வந்தது. பழையதை அழிக்க வேண்டாமாம். புதியதில் பாட்டுதான் கேட்கிறது, அம்மாவின் குரல் கேட்கவில்லை என்று எழுதியிருந்தான். அதனால் என் முணுமுணுப்பு இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் மனைவி வீட்டு விசேஷங்களில் நான் கேமராவைத் தோளில் வைத்தால், சுற்றி இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மாமியார் நாற்காலியையே என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு எடுக்கிறேன். பெரும்பாலும் சமாளித்துவிடுகிறேன். அன்பு புதுச் சட்டையில் வரும்போதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.