மட்கார்டு மாட்டி முடியட்டும்

கண்ணாடிக்காரருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாதாம். அதனால்தான் புதுச் சைக்கிளை வாங்கி வந்து பத்து நாளாக வீட்டு நடையிலேயே நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறாராம். யார் கண்டது? கீழ்வீட்டுத் தையல் அக்கா சொன்னாள், மாடிவீட்டு டிரைவர் தலையாட்டினார், அவ்வளவுதான், தெரு முழுக்கப் பரவிவிட்டது. சுத்தப் பொய். பன்னிரண்டு வயதில் இரண்டு கையையும் விட்டுவிட்டு இறக்கத்தில் பறந்தவர் அவர். சோம்பேறி என்று வேறு ஒரு பேச்சு. சோம்பேறியா? விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் முட்டி தேயக் குனிந்து கிடக்கிற மனிதரையா சொல்கிறீர்கள்? நாக்குக்கு எலும்பில்லை என்றால் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாமா?

அவர் சோம்பேறி ரகம் இல்லை. வேறு ரகம். 'எல்லாம் சரியாகட்டும், கிளம்பிடலாம்' ரகம்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ரகம்தான். ஓர் ஆணி அடிக்கச் சொல்லிப் பாருங்கள். சுத்தியலை எடுப்பார், பிடி ஆடுகிறது என்பார், பிடிக்கு ஆப்பு செதுக்க உளி தேடுவார், உளி மழுங்கியிருக்கும், உளியைத் தீட்டக் கல் வேண்டும், கல் வாங்கப் போன கடையில் இரண்டு விதமான கல் இருக்கும், எது நல்லது என்று நாலு பேரிடம் விசாரிக்காமல் வாங்கலாமா? அந்த ஆணியில் தொங்க வேண்டிய படம் அடுத்த வருஷமும் தரையில் சாய்ந்துதான் இருக்கும். நாள் முழுக்க வேலை. நெற்றியெல்லாம் வியர்வை. ஆணி மட்டும் அடிபடவில்லை.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணாடி விற்கிறவர் இல்லை. மூக்குக்கண்ணாடி செய்கிறவர். வில்லையைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, கடுகைவிடச் சின்னத் திருகை இடுக்கியால் பிடித்து முடுக்குகிற கை அது. இருபது வருஷம் வேலை பார்த்த கடையை முதலாளி மூடிவிட்டுப் போனார். இவர் நாலு மாதம் வீட்டில் இருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற மனைவிதான் வீட்டைத் தாங்கினாள். அப்போதுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கண்ணாடிப் பட்டறையிலிருந்து தகவல் வந்தது. மேஸ்திரி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணாந்தேதி காலையில எட்டரைக்கு வந்து நில்லுங்க. வேலை உங்களுக்குத்தான். எட்டரைக்கு ஆள் இல்லேன்னா, வாசல்ல காத்திருக்கிற அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவேன்."

பட்டறை எட்டுக் கிலோமீட்டர். ஆற்றுப்பாலம் குறுகல், பஸ் போகாது. ஆகையால் சைக்கிள். ஒண்ணாந்தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. யோசித்துப் பாருங்கள், பன்னிரண்டு நாள்! சைக்கிளில் ஏறி உட்கார எத்தனை நாள் வேண்டும்?

வாங்கின சைக்கிள் மொட்டையாக வந்தது. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை. இரண்டும் தனிப் பையில் வந்தன. மனைவியின் தம்பி லாரி ரிப்பேர் பார்க்கிறவன். அன்றைக்கே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"தள்ளுங்க அத்தான், அரை மணி நேரத்துல மாட்டித் தர்றேன்."

"லாரிக்கு மாட்டுற மாதிரி மாட்டிருவே. வேண்டாம்பா. நானே நிதானமாப் பார்த்துக்கிறேன்."

'நிதானமா.' இந்தச் சொல் காதில் விழுந்தால் உஷாராகிவிடுங்கள். இந்த ரகத்தின் அடையாளமே அதுதான்.

மறுநாள் சடங்கு தொடங்கியது. பழைய போர்வையை நடையில் விரித்தார். நட்டுகளை ஒரு மூடியில், வாஷர்களை ஒரு மூடியில், போல்ட்டுகளைக் குட்டை நெட்டை பார்த்து மூன்று மூடிகளில் பிரித்தார். மூடி போதவில்லை. சமையல்கட்டு டப்பாக்களெல்லாம் மூடியிழந்து ஈ மொய்த்துக் கிடந்தன. ஒவ்வொரு நட்டாக எடுத்து ஊதினார். எதற்கு ஊத வேண்டும்? புது நட்டு. ஊதினார். முதல் நாள் ஊதுவதிலேயே போயிற்று.

மூன்றாம் நாள் மட்கார்டைக் கையில் எடுத்தார். சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தோதாக டயரில் இருந்த காற்றைப் பிடுங்கிவிட்டார். அங்கே வந்தது வினை. காற்றில்லாத டயர் வாடின வெள்ளரிக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தது. அந்தச் சுருங்கின டயருக்கு அளவெடுத்தார் மனிதர்! மைத்துனன் எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"நடுவுல ஒரு விரல் போறாப்ல எடம் விடுங்க அத்தான்."

"விரல் நுழைஞ்சா அது மட்கார்டா, கூரையா? மூக்குல கண்ணாடி உக்கார்ற மாதிரி உக்காரணும்."

உட்காரவைத்தார். மூன்று நாள் ஆயிற்று. தாங்குகிற கம்பியை மயிரிழை வளைப்பார், கண்ணை இடுக்கிப் பார்ப்பார், நிமிர்த்துவார், மறுபடி வளைப்பார். ஆறாம் நாள் சாயங்காலம் தெருவுக்கே சேதி சொல்லிவிட்டார். தையல் அக்கா வந்தாள், டிரைவர் வந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒற்றைத் தையல் நூலை நுழைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஓட்டிக் காட்டினார். இம்மி பிசகவில்லை. நிஜமாகவே அழகுதான். அதை மறுக்கக் கூடாது.

"அடேயப்பா! சரி, ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க பார்ப்போம்" என்றார் டிரைவர்.

மைத்துனன் பம்பைக் கொண்டுவந்து காற்றடித்தான். டயர் உப்பியது. பத்து அடியில் உப்பியது, இருபது அடியில் மட்கார்டைத் தொட்டது, முப்பதாவது அடியில் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. சக்கரம் அசைவேனா என்றது.

"பிரேக்கே தேவையில்ல போலிருக்கே" என்றாள் தையல் அக்கா. அந்தச் சிரிப்பு மூன்று வீடு தாண்டிக் கேட்டது.

வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே மைத்துனன் கையில் கொடுத்திருப்பார். இவரா? முகம் மலர்ந்துவிட்டது ஐயா, மலர்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கலாமே! மூடிகள் வந்தன. போர்வை வந்தது.

அப்புறம் கேரியர். அதன் கால் வந்து நிற்க வேண்டிய துளையில்தான் மட்கார்டின் கம்பியும் நிற்கிறது. துளை ஒன்று, குடியிருக்க வருகிறவர்கள் இரண்டு. நீளமான போல்ட்டைப் போட்டு இரண்டையும் சேர்த்து முடுக்கினார். முடுக்கினால், போல்ட்டின் நுனி உள்பக்கம் நீண்டு செயினைக் கடித்தது. சரி, ஒரு வாஷர் கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது என்றான் மைத்துனன். போடவில்லை. சட்டம் தேய்க்கிற அரத்தை எடுத்தார். அந்த நுனியை, மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்கு மெருகு போடுகிற மாதிரி, ஒன்றரை நாள் தேய்த்தார். முகம் பார்க்கலாம் அதில். யார் பார்க்கப் போகிறார்கள்? செயின் பார்க்கும்.

பத்தாம் நாள் மனைவி வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே நின்றாள்.

"ஏங்க, இன்னும் என்ன பாக்கி?"

"பின் மட்கார்டு கொஞ்சம் இடப்பக்கமாச் சாயுது."

"எவ்வளவு?"

"ஒரு நூல் இருக்கும்."

"அது உங்க முதுகுக்குப் பின்னால இருக்கப் போகுது. ஓட்டுறப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா சாஞ்சிருக்குன்னு தெரியும்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அவள் உள்ளே போய் மூடியில்லாத டப்பாவிலிருந்து தேயிலையை அள்ளிப்போட்டாள்.

ஒண்ணாந்தேதி விடிந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது, தெருவெல்லாம் சேறு. பின் மட்கார்டு இருந்தது, கேரியர் இருந்தது, டயரில் காற்றும் இருந்தது. முன் மட்கார்டு? போர்வையில் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கையில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். பெரிய சத்தமில்லை. ஒரே ஒரு 'டிக்'. அதற்காகக் கழற்றிவிட்டார்.

மணி ஏழு. கண்ணாடிக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போர்வைமேல் முட்டிபோட்டிருந்தார்.

"ஏழே காலுக்காவது கிளம்பணும்" என்றாள் மனைவி.

"இதை மாட்டிட்டா போதும். ரெண்டே ரெண்டு போல்ட்டு."

ஏழே கால் ஆயிற்று. ஒரு போல்ட்டை மாட்டினார், கழற்றினார், ஊதினார். மனைவி போர்வையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைப் பாருங்க. சைக்கிளை விடுங்க, என்னைப் பாருங்க. அங்க போக உங்களுக்குப் பிடிக்கலையா?"

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

"அங்க எல்லாம் மிஷினாம். சின்னச் சின்னப் பசங்களா இருக்காங்களாம். நாலு மாசமா நான் ஒரு வில்லையைக்கூடத் தொடலம்மா. மொத நாளே எல்லாருக்கும் முன்னால கை நடுங்கிட்டா?"

கேட்டீர்களா? சைக்கிள் ஓட்டத் தெரியாதாம், சோம்பேறியாம். தெரு பேசின பேச்சில் இது எங்கேயாவது இருந்ததா?

மனைவி அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய்க் கறை, நகக்கண்ணில் அழுக்கு.

"பன்னிரண்டு நாளா இந்த நடையில நூறு தடவை கழட்டி மாட்டியிருக்கீங்க. நூல் கணக்கு, மயிரிழைக் கணக்கு பார்த்திருக்கீங்க. ஒரு தடவையாவது நடுங்குச்சா? நானும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேனே!"

அவர் கையைப் பார்த்தார். அந்தக் கையை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"முன்னால மட்கார்டு இல்லாம போனா மூஞ்சியெல்லாம் சேறு அடிக்கும்" என்றார். ஆனாலும் குரலில் பழைய வேகம் இல்லை.

"மூஞ்சியைக் கழுவிக்கலாம். போன வேலையைக் கழுவி எடுத்துட்டு வர முடியுமா? எழுந்திருங்க!"

முன் மட்கார்டை எடுத்தாள். பின்பக்கக் கேரியரில் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து வைத்து ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். "அவ்வளவு ஆசையா இருந்தா மத்தியானம் சாப்பிட்ட கையோட அங்கயே மாட்டிக்கோங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முன்னால் இருக்க வேண்டியது பின்னால் கட்டிக் கிடக்கிற அந்தக் கோலத்தைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. தையல் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் வீட்டில் அவளுக்கென்று வெட்டின ஜாக்கெட் துணி, 'நல்ல பொத்தான் கிடைக்கட்டும்' என்று மூன்று வருஷமாக மடித்துக் கிடக்கிறது. டிரைவர் இருக்கிறாரே, பேச்சே இல்லாமல் போன சொந்த அண்ணனுக்குப் போன் பண்ண அவர் நல்ல நேரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார், பிள்ளைகளுக்கே பிள்ளை பிறந்துவிட்டது.

இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது? மனதுக்குள் மட்டும் ஒரு நடை நடந்து பாருங்கள். எங்கேயோ ஒரு மூலையில் போர்வை விரித்து, மூடி மூடியாகப் பிரித்து, நீங்கள் ஊதிக்கொண்டிருக்கிற நட்டு எது? 'அது வேற விஷயம், அதுல உண்மையாவே ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு' என்று வாய் வரைக்கும் வருகிறதா? வந்தால் நீங்களும் அந்த ரகம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடிக்காரர் வாசற்படியில் சைக்கிளை இறக்கினார். இறக்கினவர் நின்றார். பின்சக்கரத்துப் பக்கம் மெல்லக் குனிந்தார். கை நட்டை நோக்கிப் போயிற்று.

"ஏங்க" என்றாள் மனைவி.

நிமிர்ந்தார். மணி ஏழே முக்கால். ஏறி மிதித்தார். தெருமுனைக் குட்டையில் முன்சக்கரம் இறங்கியது, சேறு எழும்பி வெளுத்த சட்டைமேலும் மூக்குக்கண்ணாடிமேலும் அப்பியது. துடைக்க நிற்பார் என்றுதான் தெரு முழுக்க எதிர்பார்த்தது. மனிதர் நிற்கவில்லை.