சம்பந்தியின் மூக்கு

ஜமுனாமரத்தூர்,
வியாழக்கிழமை

பெருமதிப்புக்குரிய புருஷோத்தமன் அண்ணாவுக்கு,

தங்கை பூங்கோதை பணிவான வணக்கத்துடன் எழுதுகிறேன். கலசப்பாக்கத்தில் தாங்களும் அண்ணியும் மணப்பெண் ரம்யாவும் உரக்கடையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே என் இடது கண்ணைத் தவிர அனைவரும் நலம். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார்கள், பக்கத்தில் ரம்யா இருப்பாள். அதனால் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை ரம்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு நான் வரமாட்டேன். வந்தால் நிச்சயம் நின்றுவிடும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்களைவிட மன்றங்கள் அதிகம். இலக்கிய மன்றம், பசுமைப் படை, வினாடி வினா, திரைப்பட மன்றம், எல்லாவற்றுக்கும் பொறுப்பாசிரியை நான்தான். இலக்கிய மன்றத்தின் சார்பில் பசுமைப் படைக்கு அழைப்பு எழுதி, வர இயலாது என்று நானே பதிலும் எழுதியிருக்கிறேன். இந்த வருஷம் தொழிற்பயிற்சி என்று ஒரு தேனீப் பெட்டி வந்தது. மலையில் தேனீயைப் பார்க்காத பிள்ளை கிடையாது, ஆனாலும் பயிற்சி பயிற்சிதானே. தோட்டத்தில் வைக்கலாம் என்றேன். தலைமையாசிரியர் ராஜவேலு சார் ஒப்பவில்லை. "அரசு சொத்து டீச்சர். வெளில வெச்சா கரடி தூக்கினு போய்டும். கரடிகிட்ட போய் நானா கையெழுத்து வாங்கறது?" என்றார். பள்ளியில் பூட்டு உள்ள ஒரே அறை ஸ்மார்ட் வகுப்பறை. பெட்டி அங்கே குடியேறியது. தேனீக்கள் ஜன்னல் வழியாகப் போய்வந்தன, பிள்ளைகள் தலையைக் குனிந்தபடி கணக்குக் கற்றார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ராணியம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், எங்க பசங்க வூட்டுக்கு ஓடினா தேட ஆளில்ல, ஈக்கு மட்டும் பூட்டா?" என்றுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று அன்று காலையில்தான் தகவல் வந்தது. "பெட்டிய மறைச்சிடுங்க டீச்சர்" என்றார் சார். நான் பெட்டியின் வாசலில் ஓர் அட்டையைச் செருகி, அது விழாமலிருக்கக் கைக்குக் கிடைத்த துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கிடைத்தது பொன்னாடை. நம்ம பக்கம் எந்த அதிகாரி வந்தாலும் நாற்காலியில் உட்காருவதற்குள் தோளில் பொன்னாடை விழுந்தாக வேண்டும் இல்லையா அண்ணா, அதை நான் மறந்துபோனேன், ராஜவேலு சார் மறக்கவில்லை. ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைச்சு, ஸ்மார்ட் போர்டில் மலரின் பாகங்கள் பாடம் போட்டு வெச்சிருந்தேன், ஆள் உயரத்துக்கு ஒரு செம்பருத்தி. அதிகாரி உள்ளே வந்ததும் சார் இருட்டுல தடவிப் பொன்னாடையைக் கண்டுபிடிச்சு ஒரே இழுப்பா இழுத்து அவருக்குப் போத்திட்டாரு. முடிச்சு அவுந்துச்சு, அட்டையும் கூடவே வந்துடுச்சு. அந்த இருட்டுல வெளிச்சம்னா அந்த போர்டு மட்டும்தானே, தேனீ அத்தனையும் நேரா போய் செம்பருத்தி மேல உக்காந்துடுச்சு. அதிகாரி அசந்துபோய்ட்டாரு. "இன்னா தத்ரூபம் சார். சத்தங்கூட கேக்குதே"ன்னு பக்கத்துல போனாரு. பத்தாவது படிக்கிற சசிகலா, "தொடாதீங்க சார்"ன்னா. "டச் ஸ்கிரீன்னா தொடத்தாம்மா வேணும்"னு சொல்லிட்டு, ஒரு தேனீ மேல ரெண்டு விரலை வெச்சு விரிச்சுப் பெருசாக்கப் பாத்தாரு.

தேனீ பெருசாகல. கொஞ்ச நேரத்துல அவர் மூக்குதான் பெருசாச்சு. காப்பாத்தப் போன எனக்குக் கண்ணுல ஒண்ணு. ராணியம்மாள் வெத்தலைப் பையிலருந்து சுண்ணாம்பு குடுத்தாங்க. அதை நான் அவர் மூக்குல தடவிக்கிட்டிருக்கும்போது அவருக்கு வீட்லருந்து ஃபோன். "ஞாயித்துக்கெழம இந்த மூஞ்ச வெச்சினு உரக்கடை புருஷோத்தமன் வூட்ல எப்பிடிப் போய் நிக்கறது? இன்னாச்சா? வந்து சொல்றேன் வை"ன்னாரு. என் கை அப்படியே நின்னுபோச்சு அண்ணா. அவங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் கலைத் திருவிழாவுல மாட்டிக்கிட்டேனே, அதனால அவரை நான் பாத்ததே இல்ல. அவர்தான் நம்ம சம்பந்தி குணசீலன்.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். வந்த வரன்களின் படத்தையெல்லாம் கவிழ்த்து வைத்த ரம்யா, இந்தப் பையன் படத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நான் போட்ட ஒரு முடிச்சு அவிழ்ந்ததற்கு அவள் கழுத்தில் மூன்று முடிச்சு விழாமல் போகக் கூடாது. எனவே அத்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தையும் கழற்றி விடுங்கள்.

ரம்யாவுக்கு என் நெஞ்சு நிறைந்த ஆசிகள். மாமியார் வீட்டுப் பெரியவர்களுக்கு, நான் யாரென்று சொல்லாமல், என் வணக்கங்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
பூங்கோதை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் குணசீலன் சார் ஃபோன் செய்தார். நான் உங்கள் தங்கை என்று ராஜவேலு சார் உளறியிருக்கிறார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவரே, "அம்மா, தேனீய படம்னு நெனச்சித் தொட்டேன்னு மட்டும் உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. பொண்ணு வூட்ல என்னைய இன்னா நெனப்பாங்க? எங்க வூட்ல பலாப்பழம் வுழுந்துதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று கெஞ்சினார். சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். வேறு கடிதம் எழுத நேரமில்லை, பஸ் கண்டக்டர் பழனி விசில் அடிக்கிறார், அதனால் இதையே கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதிய எதுவும் உங்களுக்குத் தெரியாது. எனக்கு அம்மையும் இல்லை, ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். சம்பந்தி வாசலில் வந்து இறங்கியதும், பழம் எவ்வளவு பெரிசு என்று மட்டும் கேளுங்கள்.