மெத்தைக்குள் ஒரு முன்யோசனை

பணத்தின் மதிப்பு சரிந்த மறுநாள் காலையில் மட்டும், மழைக்குப் பின் காளான் போல, மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவரும் ஒரு மனித இனம் உண்டு. முதல்நாள் வரை இவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மறுநாள் மட்டும் சந்தையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பல் வைத்தியர் வாசலிலும் நின்றுகொண்டு, கன்னத்தைப் பிடித்தபடி வருகிறவரைக்கூட நிறுத்தி, ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "நான் அப்பவே சொன்னேன்."

எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? கேட்டுவிடாதீர்கள். தேநீர் ஆறிவிடும்.

அல்மாத்தியில் எங்கள் குடியிருப்பில் இந்த இனத்துக்குத் தலைவர் சபார்கான், ஓய்வுபெற்ற நில அளவையாளர். கார் வாங்குவதற்காக அவர் சோவியத் காலத்தில் சேர்த்த ரூபிள், நாடு கலைந்தபோது ஒரு ஜோடி பூட்சுக்குத்தான் கண்டது. தொண்ணூற்று மூன்றில் ரூபிளைப் புதிய நாணயமான டெங்கேயாக மாற்ற ஐந்து நாள் கெடு கொடுத்தார்கள். ஆளில்லாப் புல்வெளியில் நிலம் அளந்துவிட்டு இவர் ஆறாம் நாள் ஊர் திரும்பினார். தொண்ணூற்றொன்பதில் டெங்கே விழுந்தது, இவர் கையில் டெங்கே. இரண்டாயிரத்து ஒன்பதில் விழுந்தது, கையில் டெங்கே. பதினாலில் விழுந்தது, அப்போதும் டெங்கே. ஒவ்வொரு முறையும் அப்பவே சொன்னவர் இவர்தான். தன் கைக்கு மட்டும் சொல்ல மறந்துவிடுவார்.

ஆகவே பதினைந்தாம் வருடம் ஆகஸ்டில், காலையில் நூற்றெண்பத்தெட்டு டெங்கேயாக இருந்த டாலர் மாலைக்குள் இருநூற்றைம்பத்தைந்தானபோது, ஆறுதல் சொல்லப் போன நான் மிரண்டுபோனேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை மாட்டலடா தம்பி! போன வருஷமே காரை வித்து, இருபது வருஷம் சேத்ததையும் போட்டு, எட்டாயிரம் டாலர். மடிப்பு விழாத நோட்டு. எங்க இருக்கு தெரியுமா?" குரலைத் தாழ்த்தினார். "நீலக் கோர்பெ மெத்தைக்குள்ள. நானே தைச்சேன். கூலாஷுக்கே தெரியாது."

மரப்பெட்டியின்மேல் கூரையை முட்ட அடுக்கியிருந்த கம்பளி ரோம மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். சிவப்பு வந்தது. பச்சை வந்தது. பூப்போட்டது வந்தது. பெட்டி வந்தது.

"கூலாஷ்! நீலக் கோர்பெ எங்கடி?"

"அதுவா?" அடுப்படியிலிருந்து மனைவி பதில் சொன்னாள். "வசந்தத்துலயே மெருயெர் கல்யாணச் சீர்ல போயிடுச்சே. பத்து மெத்தைக்கு ஒண்ணு குறைஞ்சுது. சம்பந்தியம்மா எண்ணிப் பாத்துட்டு என் மானத்தை வாங்கவா?"

மகளுக்குப் போன சீரைத் திரும்பக் கேட்பதா? ஏழு தலைமுறைக்கு அந்தக் கதை நடக்கும்.

காரைத்தான் விற்றுவிட்டாரே, என் காரில் மகள் வாழ்க்கைப்பட்ட கஸ்கெலெங்குக்குப் போனோம். வழிநெடுக ஒத்திகை. "சாப்பிட்டதும் அசதியா இருக்குன்னு நீலத்துல சாய்வேன். நீ எல்லாரையும் தோட்டம் பாக்கக் கூட்டிட்டுப் போயிடு. மிச்சத்தை இது பாத்துக்கும்." சட்டைப்பையில் சவர பிளேடு.

சம்பந்தி தோக்தார் வாசலுக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டார். வாசலுக்கு நேரெதிரே, பெரிய மனிதர்களுக்கான இடத்தில், நீலக் கோர்பெயே விரிந்தது. சபார்கான் அதன்மேல் அமர்ந்தார். முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல இடப்பக்கம் அசைந்தார். வலப்பக்கம் அசைந்தார். சரசரப்பே இல்லை.

"மெத்துனு இருக்கா அண்ணே?" என்றாள் சம்பந்தியம்மா. "கோடையில பிரிச்சு, ரோமத்தை அலசி, அடிச்சுக் காயவெச்சுத் தைச்சோம். அப்பதானே உங்க மனசு தெரிஞ்சுது!"

தோக்தார் எழுந்து நின்றார். "எட்டாயிரம் டாலர்! ஒரு ஆட்டைக் குடுத்துட்டு ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கிறவன்தான் இந்தக் காலத்துல அதிகம். வாயே திறக்காம பொண்ணோட மெத்தைக்குள்ள வெச்சுத் தைச்ச தகப்பனை நான் பாத்ததில்ல!" பெரிய விருந்தாளிக்கென்றே வைக்கும் வெந்த ஆட்டுத்தலையை அவர்முன் வைத்தார். மெருயெர் அப்பாவின் தோளில் சாய்ந்தாள். "நீங்களா சொல்வீங்கன்னு காத்துட்டே இருந்தேம்ப்பா."

சபார்கான் வாயைத் திறந்தார். மகளின் ஈரக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வாயில் ஆட்டுக்காதை வைத்து மூடிக்கொண்டார்.

மென்று முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "பத்திரமா வெச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?"

"வீட்டுல இருந்தா எலி கடிச்சிடும்னு போன வாரம்தான் டெங்கேயா மாத்தி பேங்குல போட்டேன் மாமா."

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்திருப்போம். சபார்கான் தொண்டையைச் செருமினார். "தம்பி, டெங்கே விழும்னு எனக்குத் தெரியும். அதான் வசந்தத்துலயே பொண்ணு வீட்டுக்கு அனுப்பிட்டேன். கையில இருந்தாத்தானே போகும்? நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க அண்ணே."

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ஒரே ஒரு கேள்வி. நீல மெத்தைக்குள் பணம் என்று படித்தபோதே, அது சீரோடு போயிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டதா? அப்பவே தெரியும் என்கிறீர்களா?

வாருங்கள், இப்படி உட்காருங்கள். சபார்கானுக்குப் பக்கத்தில் மெத்தையில் இடமிருக்கிறது.