கடைசி நாற்காலிப் படலம்

வாழ்க உஷ்ஷம்மா! அலமாரிக் கோட்டைகளின் காவல்நாச்சி, தூசிப்படை வென்ற பொற்கரத்தாள், ஆண்டுதோறும் நூலகர் மாநாட்டில் பட்டியலிடும் பயிலரங்கைத் தாமே நடத்தி, நூல்களுக்கு எண்ணிட்டு அடுக்கும் கலையை இளையோர்க்கு வாரி வழங்கிய பெருமாட்டி! உதட்டில் அவர் விரல் வைத்தால் கைக்குழந்தையும் அழுகையைப் பாதியில் விழுங்கும். அத்தகைய உஷ்ஷம்மா இவ்வாண்டு மாநாட்டில் நாடி வந்ததோ பாட்காஸ்ட் பயிலரங்கை.

வராமல் என்ன செய்வார்? தலைமை நூலகர் ஆணையிட்டுவிட்டார்: "பாட்காஸ்ட் கத்துட்டு வந்தா ரெக்கார்டிங் ரூம் உங்களுக்கு. இல்லேன்னா கீழ்த்தளக் கிடங்குதான் மேடம்." கிடங்கில் ஜன்னல் இல்லை, வாசகர் முகமும் இல்லை.

பயிலரங்க அறையிலோ எள் விழ இடமில்லை. நேற்றுவரை பூச்சி அரித்த ஏடுகளைப் பற்றியே பேசிய கூட்டம், இன்று மைக், வீடியோ, செயற்கை நுண்ணறிவு என்று முண்டியடித்து அமர்ந்திருந்தது. எஞ்சியது ஒரே நாற்காலி. அதன் வலக்கையை உஷ்ஷம்மா பற்றிய அக்கணமே இடக்கையைப் பற்றினார் விரல் சார். ஓயாமல் உதட்டில் விரல் வைத்தே அப்பெயர் பெற்ற பள்ளி நூலகர்.

மூண்டது போர்! முரசில்லை, சங்கில்லை, இரு திறத்தாரும் நூலகர் ஆதலின் அமர் முழுதும் கிசுகிசுப்பிலேயே நடந்தது.

"புக்மார்க் வச்சுட்டுத்தான் டீ குடிக்கப் போனேன் மேடம்."

"இடம் பிடிச்சு வைக்கறது எந்த லைப்ரரியிலும் செல்லாது சார்."

அண்டம் அதிர்ந்திருக்க வேண்டும். அடுத்த வரிசைக்கே கேட்கவில்லை.

பொறுமையிழந்த பயிற்றுநர், மைக்கை நீட்டித் தீர்ப்புரைத்தார்: "யார் குரலுக்கு இந்த சவுண்ட் மீட்டர் முள்ளு சிவப்பைத் தொடுதோ, அவங்களுக்கு சீட்." விரல் சார் "வணக்கம்" என்றார், முள் உறங்கியது. வாழ்நாள் மூச்சையெல்லாம் திரட்டி உஷ்ஷம்மாவும் "வணக்கம்" என்றார். முள் புரண்டு படுத்தது. கிடங்கின் இருள் அவர் கண்முன்னே விரிந்தது. ஐயோ, ஊர் வாயையெல்லாம் அடைத்தவருக்குத் தம் வாயைத் திறக்கத் தெரியவில்லையே!

அவ்வேளை யாருடைய பையிலோ கைப்பேசி அலறியது. விழித்தது குலத்தொழில் வீரம்! கிடங்கை மறந்து, நாற்காலியை மறந்து, மடையுடைத்த வெள்ளமென இருவரும் ஒருசேர முழங்கினர்: "சத்தம் போடாதீங்க!"

முள் சிவப்பில் மோதி அங்கேயே நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. அறையிலிருந்த அத்தனை பேரும், பயிற்றுநர் உட்பட, வாயைப் பொத்திக்கொண்டனர். வென்றவர் இருவர், நாற்காலியோ ஒன்று! நீதி தடுமாற, திசைகள் திகைக்க, நாற்காலியின் இரு கைகளும் கிறீச்சிட, மீண்டும் இறுகின பிடிகள், மீண்டும் சிவந்தன விழிகள்!

பக்கத்து அறையில் பட்டியலிடும் பயிலரங்குக்கு யாருமே வராததால், அங்கிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்து வந்து போட்டார்கள்.