அப்பாதுரைக்கு ஒன்றுமில்லை

உலகத்தில் நோயாளிகள் உண்டு, நோயில்லாதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு, வாசகரே. ‘நமக்கு ஒண்ணும் இல்ல’ இனம். மூட்டுவலிக்கு மூன்று டாக்டர்களைப் பார்த்த வரலாற்றைக் கல்யாணப் பந்தியில் சாம்பாரில் தொடங்கிப் பாயசம் வரைக்கும் சொல்வார்கள். மலச்சிக்கலைப் பற்றி, முன்பின் தெரியாதவரிடம், ஓடும் பேருந்தில், உரத்த குரலில் விவாதிப்பார்கள். மனசு என்று ஆரம்பித்துப் பாருங்கள், வாய் பூட்டிக்கொள்ளும். மனசா? அது பைத்தியங்களுக்கு அல்லவா இருப்பது!

இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் அப்பாதுரை, வயது ஐம்பத்து நான்கு, திண்டிவனத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பாதி ஊருக்கு எது கிளட்ச், எது பிரேக் என்று சொல்லிக்கொடுத்தவர். ஆளில்லாத சாலையிலும் இண்டிகேட்டர் போடுகிறவர். அப்பேர்ப்பட்டவர் போன தை மாதத்தோடு வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சாவியைத் திருப்பினால் கை நடுங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, சட்டை நனைந்தது. வகுப்புகளை உதவியாளர் சுகுமாரிடம் விட்டுவிட்டார். ஏன் பஸ்ஸில் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், “பஸ்ஸுல போனாதாங்க நாலு மனுஷங்கள பாக்க முடியுது” என்றார்.

முதலில் இதயம் சோதிக்கப்பட்டது. நார்மல். பிறகு சர்க்கரை, தைராய்டு, கண். எல்லாம் நார்மல். அந்தச் சொல்லைக் கேட்டு அவரைப் போல வருத்தப்பட்ட மனிதர் இருக்க முடியாது. காரின் நான்கு சக்கரங்களிலும் எலுமிச்சம்பழம் நசுக்கப்பட்டது. எலுமிச்சம்பழங்கள்தான் வீணாயின. கடைசியில் இதய டாக்டரே சொன்னார்: “விழுப்புரத்துல ஒரு நல்ல கவுன்சிலர் இருக்காங்க. போய்ப் பாருங்க.”

“கவுன்சிலரா? எந்த வார்டுங்க?”

விஷயம் புரிந்ததும் ஒரு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் மனைவி வடிவுதான் முடிவு கட்டினார். “இன்னாங்க, நீங்க போறீங்களா, இல்ல நான் போயி உங்களப் பத்திச் சொல்லிட்டு வரட்டுமா?” மனைவி தன்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட வேறு எதுவும் மேல் என்று எந்தக் கணவனுக்கும் தெரியும். கிளம்பினார்.

கவுன்சிலர் கலைப்பிரியா திங்கட்கிழமை விழுப்புரத்திலும் வியாழக்கிழமை திண்டிவனத்திலும் உட்காருவார். திண்டிவனத்து அறை அப்பாதுரை வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அவரோ பஸ் ஏறி விழுப்புரம் போனார். ஊர்க்காரன் எவனும் பார்க்கக்கூடாதே! ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் அறை. படியேறினால், எதிரே தினசரிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திண்டிவனம் புகழேந்தி வாத்தியார்.

“நீங்க எங்க சார் இங்க?”

“ஜெராக்ஸ் எடுக்க வந்தேன். நீங்க?”

“நானும்தான்.”

கடை கீழே இருந்தது. இரண்டு பேர் கையிலும் காகிதம் இல்லை. அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

உள்ளே ஒரு கட்டில் இருக்கும், படுக்கவைத்துக் கண்ணெதிரே எதையாவது ஆட்டுவார்கள், போதாவிட்டால் கரண்ட் வைப்பார்கள் என்று எண்ணியிருந்தார் அப்பாதுரை. இருந்தவை இரண்டு நாற்காலிகள், ஒரு ஃபேன், மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. கண்ணாடி துடைக்க வைத்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

“சொல்லுங்க,” என்றார் கலைப்பிரியா. மகள் வயதுதான் இருக்கும்.

“எனக்கு ஒரு ஃப்ரெண்டுங்க மேடம். கார்ல உக்காந்தா அவருக்குக் கை நடுங்குதாம். தங்கமான மனுஷன்.”

“அவர் வரலீங்களா?”

“அவரு கொஞ்சம் பிஸிங்க.”

“சரி. அவருக்குத் தூக்கம் எப்பிடி?”

“எங்கங்க தூங்கறேன்… அவரச் சொல்றேன். அவரு எங்க தூங்கறாரு!”

கலைப்பிரியா சிரிக்கவில்லை. பேசுவது எதுவும் இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று மட்டும் சொன்னார். அதை அப்பாதுரை மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். நண்பரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லி மாத்திரை கேட்டார். தான் மாத்திரை தருவதில்லை, அடுத்த திங்கள் வாருங்கள் என்று பதில் வந்தது.

“இன்னா சொன்னாங்க?” என்று வீட்டில் வடிவு கேட்டார்.

“அவங்க எங்க சொன்னாங்க? நானேதான் பேசிக்கினு இருந்தேன். அதுக்கு உங்கிட்டயே பேசியிருக்கலாம்.”

“பேசியிருக்கலாமே,” என்றார் வடிவு.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் பிறர் குற்றங்களின் பட்டியலில் கழிந்தன: சுகுமார் தேவையில்லாமல் ஹாரன் அடிக்கிறான், மருமகன் போன் எடுப்பதில்லை, வடிவு காரணமில்லாமல் முறைக்கிறாள், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகும் தேசம் எப்படி உருப்படும். மனம்விட்டுப் பேசுவது என்றால் அடுத்தவரைப் பற்றிப் பேசுவது என்பதே இந்த இனத்தின் கொள்கை. கலைப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான்காம் வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க ஃப்ரெண்டு கை நடுங்காம கடைசியா ஓட்டுனது எப்பங்க?”

அப்பாதுரை ஃபேனைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு, “எங்க அண்ணன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனப்ப,” என்றார். நண்பர் அந்த வாக்கியத்தோடு காணாமல் போனார்.

அண்ணன் தட்சிணாமூர்த்திக்குக் கிளியனூரில் நிலம், வீடு. தை மாதத்தில் ஒருநாள் நெஞ்சுவலி என்றதும், அப்போது அங்கே போயிருந்த அப்பாதுரைதான் காரில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்கு விரைந்தார். அண்ணி ராஜாமணி பின்சீட்டில். வழியில் பாலம் கட்டும் வேலை, சாலையைக் குறுக்கி, முந்தக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். எதிரே பல இடங்களில் வண்டியே இல்லை. ஆனாலும் அப்பாதுரை முந்தவில்லை. பன்னிரண்டு நிமிடம் அந்தக் கரும்புக்குப் பின்னாலேயே போனார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை.

“நான் ஓவர்டேக் பண்ணியிருந்தா அவரு பொழச்சிருப்பாரா மேடம்?”

“எனக்குத் தெரியாதுங்க,” என்றார் கலைப்பிரியா.

அப்பாதுரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதங்களாக எல்லோரும் விதி என்றார்கள், நேரம் என்றார்கள், உன்மேல் தப்பில்லை என்று கேட்பதற்கு முன்பே சொன்னார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான். அவருக்கும் அதுதான் தெரியவில்லை. கைக்குட்டைப் பெட்டி எதற்கு என்பது அப்போது தெரிந்தது.

அதன்பின் ஒரே வாரத்தில் குணமாகிவிட்டார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை. முதல் வாரம் என்ஜினை ஓடவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்தது தெருமுனை வரை. ஒரு வாரம் அதுவும் முடியாமல், “இதெல்லாம் வேலைக்கு ஆகாது, பேஜாரு” என்று திட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கடைசியில் சிவப்பு ‘எல்’ ஒட்டிய தன் பயிற்சிக் காரில், பக்கத்தில் பிரேக்மேல் கால் வைத்த சுகுமாரோடு, ஊரே பார்க்கக் கிளியனூர் கிளம்பினார். வழியில் கை நடுங்கியது. ஓரமாக நிறுத்தினார்.

“அண்ணே, திரும்பிடலாமா?”

“இருடா. நடுங்கட்டும். ஒண்ணும் ஆயிடாது.” கொஞ்ச நேரம் கழித்து இண்டிகேட்டர் போட்டு எடுத்தார்.

அண்ணி வாசலில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) காயவைத்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்ததிலிருந்து அப்பாதுரை அந்தப் பக்கம் வரவேயில்லை.

“அண்ணி, அன்னிக்கு அந்த டிராக்டர…”

“நானுந்தான பின்னாடி உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியாதா?” என்றார் ராஜாமணி. மல்லாட்டையைத் துழாவிக்கொண்டே இருந்தார். “விடியகாலையிலயே வலிக்குதுன்னாரு, தம்பி. கேஸாயிருக்கும்னு மோரு கரைச்சிக் குடுத்தேன். மத்தியானம் வரைக்கும் நான் உங்கிட்டகூடச் சொல்லல. அத நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?”

அப்பாதுரைக்கு, உங்கள்மேல் தப்பில்லை அண்ணி என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சுகுமாரைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் அண்ணனைப் பற்றிப் பேசினார்கள்; பேச்சுக்கிடையே கலைப்பிரியாவைப் பற்றியும் சொன்னார் அப்பாதுரை. கிளம்பும்போது அண்ணியே கேட்டார்: “அந்தப் பொண்ணு நம்பர எழுதி வச்சிட்டுப் போ.”

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள். இடையிடையே மைத்துனர் முகமும் மேலதிகாரி முகமும் உங்கள் கண்முன் வந்துபோயிருக்கும். அவர்கள் கிடக்கட்டும். ‘எப்படி இருக்கீங்க?’ என்று காலையில் ஒருவர் உங்களைக் கேட்டாரே, அவர் வாயை மூடும் முன்பே ‘சூப்பர்’ என்றீர்களே, அவ்வளவு என்ன அவசரம்?